தவிட்டுக்கு வாங்கின மகள்

யுத்த காலம். மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று பாதி ஜனம் பெட்டி படுக்கையோடு எங்கள் பக்கம் ஓடி வந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். இடம் திருத்தணி. நான் ரயில் ஸ்டேஷனுக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவே ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். குதிரைதான் மாறியிருக்கிறது.

ஜட்காக்காரனுக்கு வாய் முக்கியம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடிய நாட்கள் அவை. அதனால் குதிரை வண்டிக்குக் கிராக்கி இருந்தது. ஆனாலும் ஸ்டாண்டில் பத்து வண்டி நிற்கும்போது பக்தர்கள் என் வண்டியில் வந்து ஏறியதற்குக் காரணம் என் குதிரையின் அழகு இல்லை. அது எலும்பும் தோலுமாக, தன்னையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் தேவலை என்பது போல நிற்கும். என் பேச்சுக்காகத்தான் ஏறுவார்கள். வண்டி புறப்பட்டதும் ஆரம்பித்தேன் என்றால் அடிவாரம் வரும்வரை சிரிப்புத்தான். குதிரைக்கு மட்டும் என் தமாஷ் எதுவும் பிடிக்காது. நான் வாயைத் திறந்தாலே காதை மடக்கிக்கொள்ளும். விவரம் தெரிந்த பிராணி.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. பேர்கூட வைக்கவில்லை. இரண்டாவது பையன் நாலு மாசம் இருந்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. குதிரை தும்மினால் சிரிப்பான். அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது நான் முருகனிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மொட்டை அடிக்கிறேன், பூக்காவடி எடுக்கிறேன், ஈரத்துணியோடு படி ஏறுகிறேன் என்று. பிள்ளை பிழைத்த பிறகு செய்கிறேன் என்று தள்ளிப்போடவும் இல்லை. காய்ச்சல் இருக்கும்போதே மூன்றையும் செய்து முடித்தேன். மொட்டைத் தலையில் முடி முளைப்பதற்குள் பையன் போய்விட்டான்.

அன்றிலிருந்து நான் மலை ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

சாமி மேல் கோபம் என்று வெளியில் சொல்ல முடியுமா? சாமியை வைத்துத்தானே பிழைப்பு. தினமும் ஜனங்களைக் கொண்டுபோய் அடிவாரத்தில் இறக்குவேன். "போயிட்டு வாங்க, நான் குதிரைய பாத்துக்கறேன்" என்று கீழேயே நின்றுவிடுவேன். வண்டியை மலைக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்துவேன். சூரனோடு சண்டை போட்ட கோபமெல்லாம் ஆறி, முருகன் வந்து உட்கார்ந்த மலை இது என்பார்கள். அதனால்தான் சஷ்டிக்கு மற்ற கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே சண்டை கிடையாது. சாமிக்குப் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வதோடு சரி. மேலே கோபம் ஆறிப்போய் அவர். கீழே ஆறாமல் நான். இப்படியே இரண்டு வருஷம் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காமல் இருந்தோம். அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் கூடிக்கொண்டுதான் போனது.

எனக்குள் மட்டும் ஒரு கேள்வி தயாராக இருந்தது. ராத்திரி பகல் அதைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். 'கேட்டதெல்லாம் செஞ்சேனே, அப்புறம் ஏன் எடுத்துகினே?' என்றைக்காவது ஒருநாள் நேருக்கு நேர் நின்று கேட்டுவிடுவது, பதில் வாங்காமல் இறங்குவதில்லை என்று இருந்தேன்.

இந்த நிலைமையில் மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற குழந்தையை, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, முறத்தில் போட்டுக் கோயில் படியில் வைத்துவிட வேண்டும். பெற்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. நிறையப் பெற்று, பெற்றதெல்லாம் உயிரோடு இருக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருப்பார்கள். அவள் தற்செயலாக வருகிற மாதிரி வந்து குழந்தையை எடுத்துக்கொள்வாள். எடுத்தவளுக்குத்தான் அது சொந்தம். அப்புறம் பெற்றவர்கள் போய் அவளிடம் தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். அது வேறு யாரோ பெற்ற பிள்ளை, தவிட்டுக்கு வாங்கியது, என்று ஆகிவிட்டால் அந்த வீட்டைப் பிடித்த துரதிர்ஷ்டம் அதைத் தொடாதாம்.

நாற்பது நாள் கழிந்ததும் என் சம்சாரம் இதைச் செய்தே ஆகவேண்டும் என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தோ பாருங்க," என்றாள். "உங்க சண்டைய நீங்க வெச்சிக்கோங்க. எனக்கு இந்தப் புள்ள வேணும்."

"பாதி மலை மண்டபம் வரைக்கும் வரேன். அதுக்கு மேல ஒரு படிகூட ஏறமாட்டேன்."

"உங்கள யாரு ஏறச் சொன்னாங்க? தவிட்டுப் பைய தூக்கினு வந்தா போதும்."

அந்தத் தவிடும் குதிரையுடையது. கொள்ளு கண்ணில் படாத காலம். அதன் பங்கிலிருந்து இரண்டு கை அள்ளித் துணிப்பையில் போட்டபோது அது என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதுவதற்கில்லை.

எடுப்பதற்கு ஏற்பாடு செய்திருந்தது ஒரு பூக்காரம்மாவை. எங்கள் தெருதான். ஏழு பிள்ளைகள், ஏழும் கல் மாதிரி. படிகளின் நடுவே இருக்கிற மண்டபத்தில் கூடை வைத்துப் பூ விற்பாள். ஒரு கிருத்திகையன்று காலையில் போனோம். என் சம்சாரம் குழந்தையைக் குளிப்பாட்டி, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்து, தன்னுடைய பழைய பச்சைப் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். மண்டபத்துக்கு எதிரே படியோரமாக முறத்தை வைத்தாள். "எங்களுக்கு வேணாம்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை அவளுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் விடுவிடு என்று இறங்கிப் போய்விட்டாள். கீழே குளத்தங்கரையில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். குழந்தை மடிக்கு வந்து சேரும்வரை திரும்பக் கூடாது.

நான் தவிட்டுப் பையோடு மண்டபத்துக்குள் போய் நின்றேன். நானும் பார்க்கக் கூடாது. அதனால் முறத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூக்காரம்மாவின் எதிரே நின்றேன். பார்க்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். கையில் இருந்த சரத்தை முடித்துவிட்டு எழுந்து போக வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

"இன்னா நைனா, நல்ல காரியத்துக்கு வந்துட்டு மூஞ்ச தூக்கி வெச்சிகினு நிக்கற?" என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"நல்ல காரியந்தாங்கா. இந்த வாட்டியாவது உங்க முருகன் தவிடுன்னு ஒரு வெலைய சொன்னாரே. மொத ரெண்டையும் ஓசியிலயே தூக்கினு போய்ட்டாரு."

"அய்ய! வாய கழுவு! மலை மேல நின்னுகினு பேசற பேச்சப் பாரு!"

"இன்னா அய்ய? அப்பவே அவரு ரெண்டு கை தவிடு குடுத்திருந்தா என் குதிரையாவது துன்னுட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கும். இப்ப குதிரைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, தெரியுமா? அவரு மயில அனுப்பி, குதிரைய சமாதானம் பண்ணிகினு இருக்காரு."

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வந்தால் அவளுக்கு நிற்காது. பூக்கூடையின் மேல் கவிழ்ந்துகொண்டு குலுங்கினாள். எனக்கு அது போதாதா? ஒருத்தர் சிரித்துவிட்டால் எனக்குக் கள் குடித்த மாதிரி. மயில் என்ன சொன்னது, குதிரை என்ன பதில் சொன்னது என்று நடித்தே காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்பா, வயிறு நோவுது, தோ போறேன்" என்று எழுந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

நான் திரும்பினேன். முறம் காலி.

அவள் போட்ட கூச்சலில் எதிரே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "ஈரப் பொடவ கட்டிகினு ஒரு அம்மா, கொழந்தைய மார்ல அணைச்சிகினு மேல போச்சே. அதோட புள்ளன்னு இல்ல நெனச்சேன்!"

மேலே. ஒரு படிகூட ஏறமாட்டேன் என்று நான் சொல்லியிருந்த அந்த மேலே.

ஓடினேன். ஓடுவதற்காகத்தான் நான் குதிரை வைத்திருக்கிறேன். எனக்கு ஓடிப் பழக்கமில்லை. பத்துப் படியில் மூச்சு வாங்கியது. முப்பது படியில் கண் இருட்டியது. பையின் முடிச்சு அவிழ்ந்து தவிடு சிந்திக்கொண்டே வந்தது. மனசுக்குள் அந்தக் கேள்வி, இரண்டு வருஷமாகத் தேய்த்து வைத்த கேள்வி, கத்தியாகவே ஆகிவிட்டது. மூணாவதுமா? இதையுமா? கீழ ஒருத்தி தண்ணிய பாத்துகினு உக்காந்திருக்காளே, அவகிட்ட நான் இன்னா சொல்வேன்? இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் மறுவேலை.

சந்நிதிக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. கிருத்திகைக் கூட்டம். முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது பச்சைத் துணி. அப்புறம் அவள்.

முப்பது வயசு இருக்கும். குளத்தில் முழுகிவிட்டு ஈரத்தோடு படி ஏறியவள், புடவை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், வாட்டசாட்டமான ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அவள் அழவில்லை. சுற்றி நின்ற ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து, "சாமி இச்சினாடு, சாமி இச்சினாடு" என்றாள். சாமி கொடுத்தார் என்று தெலுங்கில். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது வீட்டுப் பேச்சு. மீதிப் பேருக்கு அவள் முகமே போதுமாக இருந்தது. ஜனங்கள் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரோ 'அரோகரா' என்றார்கள்.

நடந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை வரம் கேட்டு, ஈரத்துணியோடு, தலையைக் குனிந்துகொண்டு படி ஏறி வந்திருக்கிறாள். நடு மலையில் நிமிர்ந்து பார்த்தால் முறத்தில் ஒரு குழந்தை. பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அவளைத் திருடி என்று சொல்ல எனக்கு வாய் வருமா? என் வாய்க்கு வராத பேச்சு கிடையாது என்று இருந்தவன் நான். 'அது என் குழந்தை' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? அத்தனை ஜனத்துக்கு நடுவில், அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

குருக்கள் சந்தனத்தோடு வந்தார். குழந்தை பேரில் அர்ச்சனை செய்ய, "நட்சத்திரம் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் முழித்தாள். புருஷனைப் பார்த்தாள். அவனும் முழித்தான்.

"அனுஷம்," என்றேன்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பெற்றவனுக்குக் கேட்டதும் வருகிற பதில், தானாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பையிலிருந்து தவிடு கல்தரையில் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பக்கத்திலும் அதே வழக்கம் உண்டு. யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கை முதலில் குழந்தையை இறுக்கிக்கொண்டது. "எவரு நீவு?" என்று அவள் புருஷன் என்னைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"எத்தினி போச்சுங்கண்ணா?" என்று என்னைத் தமிழில் கேட்டாள்.

"ரெண்டும்மா. இது மூணாவது."

"ரெண்டா." குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு வரவே இல்லண்ணா. அதனால போகவும் இல்ல."

அப்புறம் அவள் முருகனைப் பார்த்துத் திரும்பினாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். நான் இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருந்ததையெல்லாம் இவள் கேட்பாள். கேட்க என்னைவிட இவளுக்கு நூறு மடங்கு பாத்தியதை உண்டு. கொடுத்த மாதிரி காட்டிவிட்டு அரை நாழிகையில் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? அவள் கேட்டால் நானும் கூட நின்று சாட்சி சொல்வதற்குத் தயாராக இருந்தேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, பெரியவர்கள் ஏதோ சொல்ல, சரி என்று கேட்டுக்கொள்கிற பெண் மாதிரி தலையை ஒருமுறை அசைத்தாள். குருக்கள் நீட்டிய சந்தனத்தை வாங்கிக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். என் பக்கம் திரும்பி, முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"போடுங்கண்ணா. நான்தானே எடுத்தேன்."

பையில் மிச்சமிருந்ததைப் போட்டேன். ஒரு கைகூட இருக்காது. அதிலும் பாதி கீழே விழுந்தது. "போதும், போதும்" என்றாள். குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டு, முந்தானையை வாயால் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

"அம்மா கையில நானே குடுக்கறேன். அதானே மொற?"

"ஆங், அதாம்மா மொற," என்றேன். முறையெல்லாம் ஒன்றும் இல்லை. இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

இறங்கினோம். அவள் முன்னால், நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் பின்னால். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி எங்கள் மலைக்கு. அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று, அப்புறம்தான் அடுத்த படி இறங்கினாள். கீழே என் சம்சாரம் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மலைக்கு இன்னும் கொஞ்சம் படி வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. நடுவில் குழந்தைக்குப் பசி வந்து, அவள் மாரில் முகத்தைத் தேய்த்துத் தேடியது. அவள் நின்றுவிட்டாள். "இங்க ஒண்ணும் இல்லடி, நா தல்லீ," என்று அதன் காதில் சொன்னாள். தெலுங்கில் அது 'என் தாயே'. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் புருஷன் நகரிப் பக்கத்து நெசவுக்காரன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் என்றான். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி மேல உங்களுக்குக் கோவமே வரலியா?"

"எனக்கு வரும் அண்ணா. நல்லாவே வரும். அவகிட்ட சொன்னா, 'அவர கோர்ட்டு கூண்டுல ஏத்தி வெச்சி கேக்கவா நாம மலை ஏறிகினு வந்தோம்?' அப்டீன்னு திட்டுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு நான் கேட்டுட்டுதான் வந்தேன், மனசுக்குள்ள. அவ கேக்கல."

குளத்தங்கரையில் என் சம்சாரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பூக்காரம்மா தள்ளி நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டு, "அக்கா, வந்துட்டியா? ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள் என் சம்சாரம். திரும்பவில்லை.

அந்த அம்மா குனிந்து, பின்னாலிருந்தே கையை நீட்டிக் குழந்தையை மடியில் வைத்தாள். உடனே கையை எடுக்கவில்லை. என் சம்சாரம் வளையலைப் பார்த்து, யாரோ என்று நிமிர்ந்தாள். ஈரப் புடவையைப் பார்த்தாள். முந்தானை முடிச்சிலிருந்து தவிடு எட்டிப் பார்த்ததைப் பார்த்தாள். கிருத்திகையன்று ஈரத்தோடு மலை ஏறுகிற பெண்கள் எதற்காக ஏறுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஏறியவள்தானே. நான் சொல்லி ஒன்றும் ஆகவேண்டியிருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்து முடிக்கும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

"எடுத்தவங்கதான் பேரு வெக்கணும்," என்றாள் கடைசியில். அப்படியும் ஒரு முறை கிடையாது. அன்றைக்கு எல்லோருமே புதுசு புதுசாக முறைகளைச் செய்துகொண்டிருந்தோம்.

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. குழந்தையின் காதில் ஒரு பேரைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்த பேர் என்பது அவள் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. அதுதான் என் மகளின் பேர். இங்கே எழுதினால் அவள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

என் வண்டியிலேயே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். அன்று வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. ரயில் வந்தபோதுதான், எதையாவது பேசவேண்டுமே என்று, "அந்தத் தவிட இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வீட்ல பசு இருக்குதுண்ணா. அதுக்கு வெப்பேன்," என்றாள். ரயில் நகர்ந்தது. ஜன்னலில் அவள் முகத்தைவிட முந்தானையைப் பிடித்திருந்த கைதான் கடைசிவரை தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு என் சம்சாரம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மண்டபத்தில் நடந்த தமாஷைப் பூக்காரம்மா சொல்லிவிட்டாள். பேசாதது நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து மலை ஏறினேன். முருகனுக்குப் பத்தடி எதிரே நின்றேன். கேள்வியும் தயாராக இருந்தது. கேட்கவில்லை. சொல்லப்போனால் அன்று அவர் பக்கம் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

கிருத்திகைக்கு மறுநாள் காலையில் குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு மறுபடி ஏறினேன். இந்தத் தடவை மெதுவாக, மூச்சு வாங்காமல். கூட்டம் இல்லை. அவரும் நானும்தான். கேளேன், இதோ நிற்கிறேன் என்பது போல இருந்தார். வாயைத் திறந்தேன். 'கேட்டதெல்லாம் செஞ்சேனே' என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். விரித்துப் பிடித்த ஒரு ஈர முந்தானைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கேட்க உரிமை உள்ளவள் கேட்காமல் தவிட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தையை வீட்டில் தூங்கவைத்துவிட்டு வந்து நான் என்ன கேட்பது? பெரிய வாயாடி, பத்து ஜட்காக்காரனை ஒரே மூச்சில் மடக்குகிறவன், அவர் எதிரே ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் நின்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் நினைத்து நான் அழுதது அன்றைக்குத்தான். அதுவரை கோபத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் ஏன் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார், ஏன் இதை விட்டுவைத்தார், இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாவின் கையில் கொஞ்ச நேரம் கொடுத்து ஏன் திரும்ப வாங்கினார் - எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி யாராவது என் வண்டியில் பேசிக்கொண்டு வந்தால் நானும் குதிரை மாதிரி காதை மடக்கிக்கொள்கிறேன்.

மகள் இருக்கிறாள். தாவணி போட்டுக்கொண்டு, என் தமாஷுக்கெல்லாம் சிரிக்காமல், அம்மாவைப் போலவே இருக்கிறாள். அவளுக்கு மூன்று வயசானபோது அவளைக் கூட்டிக்கொண்டு நகரிக்குப் போனேன். அந்த அம்மாவிடம் ஒருதரம் காட்டிவிட வேண்டும் என்று. அங்கே போய் இறங்கினபிறகுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே விளங்கியது. அவர்கள் பேரையோ தெருவையோ நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பேசுகிறவன், கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. தறிச் சத்தம் கேட்ட தெருவெல்லாம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினேன். "பிள்ளை இல்லாத நெசவுக்காரங்க வீடா? தெருவுக்கு நாலு இருக்குதே, எந்த வீடு?" என்றார்கள். சாயங்கால ரயிலில் திரும்பி வந்தோம்.

அவளுக்கு அப்புறம் ஒரு குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறந்திருந்தால் மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். நான் இல்லாத நேரத்தில் வந்து போயிருக்கவும் கூடும். கிருத்திகைக்குக் கிருத்திகை இப்போது நான் ஏறுகிறேன். எனக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. அந்த அம்மாவுக்காக மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிடுகிறேன். ஏன் என்று அவரைக் கேட்கிற பழக்கம் போய்விட்டது. ஆனால் நகரிப் பக்கத்திலிருந்து ரயில் வந்து நிற்கும்போதெல்லாம், இறங்குகிற பெண்களின் இடுப்பில் குழந்தை இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியைத் திருப்புவதற்கு மட்டும் இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.